யாம் கண்ட தோல்விகள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, விளையாட்டுப் பகுதிக்கே எழுதுக என்றும் பணித்தனர். யாம் பெரிதும் தயங்கினோம். கல்லூரியின் பதினொருவருள் ஒருவராக யாம் ஒருநாளேனும் ஆடியதில்லை. எமக்குக் கிடைத்த பதவியெல்லாம், எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று தேசிக்காய் வெட்டிக் கொடுப்பதும், மதிலுக்கு அப்பால் விழுந்த பந்தை எடுத்து வருவதுமே. வென்ற கிண்ணங்களைப் பற்றி எழுதுதற்கு அவற்றை வென்றவர்களே இருக்கின்றனர். அவர்தம் கட்டுரைகள் இம்மலரிலே நிறைய இருக்கும். ஆகவே யாம் தோல்வியைப் பற்றி எழுதத் துணிந்தோம். அத்துறையில் எமக்குள்ள அநுபவம் சிறிதன்று.

இத்தாலி நாட்டு உதைபந்தாட்ட அணியின்மீது எமக்குப் பற்று உண்டானது 1994ஆம் ஆண்டிலே. ஏன் இத்தாலி என்று கேட்பார்க்குத் தக்க விடை எம்மிடம் இல்லை. அந்நாட்டில் எமக்கு உற்றாரும் உறவினரும் அக்காலத்தில் இருந்திலர். கடை ஒன்றிலே பொருள் சுற்றித் தந்த பழைய தாளில், குடுமி வைத்த ஓர் ஆட்டக்காரரின் படம் இருந்தது. றொபேட்டோ பாஜியோ என்று அதன்கீழ் எழுதியிருந்தது. குடுமி வைத்த ஒருவர் உதைபந்தாடுவதைக் கண்டு, எம் வீட்டிலிருந்த மூதாட்டியார் மிகவும் மகிழ்ந்தார். அவ்வளவுதான் காரணம். மனிதர் தம் அன்பைச் செலுத்துதற்கு இதனினும் பெரிய காரணங்களை எப்போதும் தேடுவதில்லை என்றே எண்ணுகிறோம்.

அக்காலத்திலே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நின்றது, நின்றதுதான். பற்றறியோ தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. எனினும் வானொலி பாடிற்று. எவ்வாறு பாடிற்று என்பதை இன்றைய மாணவர் அறியார். அவர்பொருட்டுச் சிறிது விரித்துரைப்போம். துவிச்சக்கரவண்டியை ஸ்ராண்டிலே நிறுத்தினால் பின்சில்லு நிலத்தில் முட்டாது நிற்கும். டைனமோவின் தலையை அச்சில்லிலே சாய்த்துவிட்டு ஒருவர் ஏறி மிதிப்பார். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே பழுதான வானொலி ஒன்றிலிருந்து கழற்றிய இருவாயியையும் கொள்ளளவியையும் இடையிலே பொருத்துதல் வேண்டும். பௌதிக பாடத்திலே யாம் பரீட்சைக்காக மனனஞ் செய்த சொற்கள் இவை. எம் நண்பரொருவர் அவற்றைத் தம் வீட்டுத் திண்ணையிலே உயிர்பெறச் செய்தார். மெதுவாக மிதித்தால் வருணனையாளரின் குரல் தேய்ந்து மறையும்; வேகமாக மிதித்தால் வானொலியே கருகிவிடும். ஒரே சீராக மிதித்தல் ஒரு கலை. அக்கலையில் அந்நண்பரை வெல்லுவார் எம் வகுப்பில் எவருமிலர். அவர் நம் கல்லூரி அணியின் இடப்பக்க முன்வரிசை ஆட்டக்காரர், காலிலே வலுவுடையவர்.

அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டி அமெரிக்காவிலே நடைபெற்றது. இத்தாலி முதலாட்டத்திலேயே அயர்லாந்திடம் தோற்றது. நோர்வேயை ஒரு கோலால் வென்றது. மெக்சிக்கோவுடன் சமநிலை எய்தியது. தன் பிரிவிலே மூன்றாமிடம் பெற்று மயிரிழையில் அடுத்த சுற்றுக்குப் போயிற்று. அதன்பின்னரே பாஜியோ எழுந்தார். நைஜீரியாவுக்கு எதிராக ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையிலே, பத்துப் பேராகக் குறைந்து நின்ற அணிக்காக அவர் போட்ட கோலை யாம் கண்ணாற் காணவில்லை. சங்கிலியின் கறகறப்பினூடே காதாற் கேட்டோம். பின்னர் மேலதிக நேரத்திலே தண்ட உதையால் ஒன்று; ஸ்பெயினுக்கு எதிராக இறுதி நிமிடங்களிலே ஒன்று; அரையிறுதியில் பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு. காணாத கோல்களாதலால் அவை எம் மனத்தில் நாளுக்கு நாள் அழகு பெற்றன. பல்லாண்டுகளின் பின்னர் அவற்றைப் படமாகப் பார்க்க வாய்த்தபோது சிறிது ஏமாற்றமே அடைந்தோம்.

இறுதியாட்டம் யூலை 17ஆந் தேதி. எமக்கோ 18ஆந் தேதி அதிகாலை ஒரு மணி. பிறேசிலும் இத்தாலியும் நூற்றிருபது நிமிடம் ஆடியும் கோல் இல்லை. நண்பரும் யாமும் இன்னுமிருவரும் மாறி மாறி மிதித்தோம். மூன்றரை மணியளவில் தண்ட உதைகள் தொடங்கின. முழங்காலிலே சத்திரசிகிச்சை செய்து மூன்றரை வாரமளவில் ஆட வந்த பரேசி, முதல் உதையை மேலால் அடித்தார். மசாறோவின் உதையைத் தபரெல் தடுத்தார். ஐந்தாவது பாஜியோ. அவர் பந்தை வைக்கின்றார் என்று வருணனையாளர் கூறிய அளவில், மிதித்துக்கொண்டிருந்த நண்பரின் கால்கள் நின்றுவிட்டன. வானொலி அணைந்தது. இருளிலே நால்வரும் மூச்சின்றி இருந்தோம். "மிதியடா!" என்று ஒருவர் அதட்ட, அவர் மீண்டும் மிதித்தார். குரல் திரும்பி வந்தபோது பிறேசில் உலகச் சம்பியனாகியிருந்தது.

நண்பர் தம் கால்கள் நின்றமையாலேயே பந்து மேலால் போயிற்று என்று அன்று தொட்டுப் பழி சுமத்தப்பட்டார். அவரும் சிரித்துக்கொண்டே அப்பழியை ஏற்றார்.

அதே ஆண்டின் பிற்பகுதியிலே பாடசாலைகளுக்கிடையிலான போட்டியொன்றில் நம் கல்லூரி அரையிறுதிக்கு வந்தது. ஆட்டம் நம் மைதானத்திலேயே நிகழ்ந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை, தண்ட உதைகள். எதிரணியினர் ஐந்தையும் கோலாக்கினர். எம்மவர் நால்வர் கோலாக்கினர். ஐந்தாவது உதைக்கு, எமக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்த சிறுவன் ஒருவன் முன்வந்தான். அவன் அணிந்திருந்த பூட்ஸ் அவனுடையதன்று. அது நடையிலேயே தெரிந்தது. பந்து மேற்கம்பத்துக்கு மேலாய், வேப்பமரத்துக்கும் மேலாய், மதிலுக்கு அப்பால் போய்விட்டது.

அச்சிறுவனைப் பார்த்து நம் பக்கத்தார் கூவினர். யாமும் கூவினோம். எம் குரல் அக்காலத்தில் சிறியதன்று. அவன் மைதானத்தின் நடுவிலே நிற்கவும் மாட்டாது வெளியே வரவும் மாட்டாது நின்றமை இன்றும் கண்ணுள் நிற்கின்றது. அணித்தலைவர் மதியின்றி ஒரு சிறுவனை அனுப்பினார் என்று பின்னர் ஒருவாரம் வகுப்பிலே பேசித் தீர்த்தோம். அடுத்த ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்றது. அதனோடு வகுப்பும் அணியும் கலைந்தன. அச்சிறுவன் எங்குப் போயினன் என்று யாம் தேடவுமில்லை.

இவ்விடத்திலே ஒன்று சொல்லல் வேண்டும். அணியொன்றை நேசிப்போர் வழக்கிலே 'நாம்' என்னுஞ் சொல் விந்தையான முறையில் நடமாடுவது. வென்ற நாளிலே 'நாங்கள் வெண்டிட்டம்' என்பர்; தோற்ற நாளிலே 'அவங்கள் தோத்திட்டாங்கள்' என்பர். மைதானத்தில் ஒரு துளி வியர்வையும் சிந்தாதவர் வெற்றியிலே பங்குக்கு வருவர். தோல்வியிலே தனி வீடு போய்விடுவர். இக்கட்டுரையை யாம் எழுதும் 'யாம்' மலர் மரபுபற்றி வந்தது, அதனை விட்டுவிடலாம். உதைபந்தாட்டத்திற் பேசும் 'நாம்' மரபுபற்றி வந்ததன்று. அதற்கு உரிமை வேண்டுமாயின், தோற்ற நாளிலும் அச்சொல்லை வாயால் உச்சரித்தல் வேண்டும்.

இத்தாலியின் பொருட்டு அச்சொல்லை உச்சரிக்க எமக்கு வாய்ப்புகள் பல கிடைத்தன. 2006ஆம் ஆண்டு நான்காம் முறையாக உலகக் கிண்ணம் வென்றோம் என்பது உண்மையே. அதைப் பற்றி இங்கே எழுதப் புகோம். 2017 நவம்பர் 13ஆந் தேதி மிலான் நகரிலே சுவீடனோடு ஆடிய ஆட்டம் நினைவில் இருப்பார்க்கு இருக்கும். முதலாட்டத்தில் சுவீடன் ஒரு கோலால் வென்றிருந்தது. இரண்டாவதில் இத்தாலி தொண்ணூறு நிமிடமும் முட்டியும் கோல் இல்லை. கோல் வேண்டி நின்ற அவ்வேளையில் தற்காப்புக்குரிய தம்மை ஆயத்தமாகுமாறு பணித்தமை கண்டு டி றொசி சினந்து, முன்வரிசை ஆட்டக்காரர் இன்சீனியேயைக் காட்டி, அவரை அனுப்பலாகாதா என்று கேட்ட காட்சியை உலகமே கண்டது. 1958இன் பின்னர் இத்தாலி இல்லாத முதல் உலகக் கிண்ணம் அவ்வாறு உறுதியாயிற்று. பந்துக்காப்பாளர் புபொன் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது அதுவன்று. ஆட்டந் தொடங்குமுன் சுவீடனின் தேசிய கீதத்துக்கு அரங்கிலிருந்தோர் சீழ்க்கையடித்தபோது, புபொன் தனியே நின்று கைதட்டினார். கூவுகின்ற கூட்டத்தின் நடுவே கைதட்டிய அம்மனிதரைப் பார்த்தபோது, எம் பழைய மைதானமும் வேப்பமரமும் காரணமின்றி நினைவுக்கு வந்தன. காரணமின்றி என்பது அன்று யாம் எமக்கே கூறிக்கொண்டது.

இனி, 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்கு முந்திய ஆண்டு யூலையிலே வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தைத் தண்ட உதைகளால் வென்று இத்தாலி ஐரோப்பியச் சம்பியனாகியிருந்தது. முப்பத்தேழு ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி காணாத அணி. அவ்வணி உலகக் கிண்ணத்துக்குப் போகாமலிருத்தல் கூடுமோ? கூடும். சுவிற்சலாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் ஜோர்ஜினியோ தண்ட உதையைத் தவறவிட்டார். இரண்டும் சமநிலையில் முடிந்தன. அவற்றுள் றோமிலே தவறியது தொண்ணூறாவது நிமிடத்தில். சுவிற்சலாந்து பதினெட்டுப் புள்ளி, இத்தாலி பதினாறு. அவ்விரண்டு உதைகளுள் ஒன்றேனும் வலைக்குள் போயிருப்பின் கணக்கு மாறியிருக்கும். பிரிவுகளில் முதலிடம் பெற்ற பத்து அணிகளும் நேரே போக, எஞ்சியோர் பன்னிருவர் 'பிளே ஓவ்' எனப்படும் சுற்றிலே மூன்று இடங்களுக்காகப் பொருதல் வேண்டும். முன்னர்போல இரண்டு ஆட்டங்களும் இல்லை. ஒரே ஆட்டம், தோற்றவர் வீட்டுக்கு.

எதிரணி வட மசிடோனியா. இரண்டு மில்லியன் மக்களும் இல்லாத நாடு. இடம் சிசிலித் தீவின் பலேர்மோ நகர். நாள் மார்ச் 24. எமக்கு 25ஆந் தேதி அதிகாலை ஒன்றேகால் மணி.

அந்நேரத்தில் யாம் எங்கிருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். பெற்றோல் நிரப்பு நிலையமொன்றின் வாசலிலிருந்து ஏறத்தாழ நூறாவது இடத்திலே, மோட்டார் சைக்கிளின்மேல் இருந்தோம். 2022 மார்ச்சு மாதத்தை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டா. முற்பகலிலும் மாலையிலும் மின்வெட்டாதலால் கைத்தொலைபேசியில் மின் அரைகுறையாகவே இருந்தது. சிறு திரையிலே ஆட்டத்தைப் பார்த்தோம். முன்னே நின்ற முச்சக்கரவண்டிக்காரத் தம்பியும் எட்டி எட்டிப் பார்த்தார். அவர் பிறேசில் பக்கத்தவராம். ஆயினும் அவ்விரவு வேறு வேலையின்மையால் எமக்குத் துணையானார்.

இத்தாலி முப்பத்திரண்டு முறை கோலை நோக்கி அடித்தது. எதிரணி நான்கு முறை அடித்தது. பந்துக்காப்பாளர் தவறாகக் கொடுத்த பந்து பெராடியின் காலுக்கே வந்தது. கோல் வெறுமையாகக் கிடந்தது. அவர் அடித்தது பந்துக்காப்பாளர் திரும்பி ஓடிப் பிடிக்கும் அளவுக்கு மெல்லிதாயிற்று. மேலதிக நேரம் வரும், ஆயின் மின் போதுமோ என்று யாம் தொலைபேசியின் மூலையைப் பார்த்துக் கவலையுற்றிருந்த வேளையில், தொண்ணூற்றிரண்டாவது நிமிடத்தில், டிரைகோவ்ஸ்கி தொலைவிலிருந்து தாழ அடித்தார். பந்து மூலைக்குள் போயிற்று. அவர் முன்னர் நான்கு ஆண்டுகள் பலேர்மோக் கழகத்துக்கு ஆடியவர். அதே அரங்கு, அதே புற்றரை. ஊழ் என்று முன்னோர் சொன்னதை யாம் நம்புவதில்லை. அன்று சிறிது நம்பினோம்.

எம் கண்கள் நனைந்திருந்தன போலும். "என்னண்ணை இது? விடிஞ்சால் பெற்றோல் வருமோ எண்டு தெரியாது, நீங்கள் இத்தாலிக்காரனுக்கு அழுறியள்" என்றார் தம்பி. அவர் கூற்றில் நியாயம் இருந்தது. நாட்டிலே அழுதற்குரிய காரியங்கள் மலைபோற் கிடந்தன. எவற்றுக்கும் அழாத யாம் இதற்கு அழுதோம். பெரிய துயரங்கள் மனிதனை வரிசையில் நிற்கவைத்து மரத்துப்போகச் செய்கின்றன. சிறிய துயரமொன்று வந்து அடைப்பைத் திறந்துவிடுகின்றது. இத்தாலிக்காக மட்டுமே அழுதோம் என்று இன்று எம்மாற் சத்தியஞ் செய்ய முடியாது.

நான்கு மணியளவில் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் டைனமோ மிதித்த நண்பர். அவர் வாழ்வது பலேர்மோ நகரிலேதான். நம்மவர் பல்லாயிரவர் அந்நகரில் வாழ்கின்றனர் என்பதும், நகரை ஒட்டிய பெல்லெகிரினோ மலையிலுள்ள றொசலியா அன்னையின் கோவிலுக்கு நம் சைவ மக்களும் ஏறிச்சென்று வழிபடுகின்றனர் என்பதும் வாசகர் பலர் அறிந்தவையே. அம்மலையின் அடிவாரத்திலேதான் அந்த அரங்கும் இருக்கின்றது. இத்தாலிமேல் யாம் பற்று வைத்த காலத்தில் அங்கே எமக்கு ஒருவருமிலர் என்றோம். பின்னர் எம் நெருங்கிய நண்பரே போய்ச் சேர்ந்தார். அவரும் அங்கே பிறந்த அவர் மகனும் அன்றிரவு அரங்கினுள் இருந்தனர்.

"மச்சான், பெடியன் அழுது முடியேல்லை," என்றார். "சனம் எல்லாம் விசிலடிச்சுது. இவனும் அடிக்கப் போனான். நான் கையைப் பிடிச்சுப்போட்டன்."

"ஏன்?" என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: "அண்டைக்கு எங்கட மாட்சிலை, அஞ்சாவது உதை அடிக்கக் கப்டன் முதல்ல என்னட்டத்தான் கேட்டவர். நான் ஏலாது எண்டிட்டன். நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு அவன் சின்னப் பெடியன், நான் அடிக்கிறன் எண்டு தானா வந்தவன்."

வரிசை நகர்ந்தது. மோட்டார் சைக்கிளை முன்னே தள்ளினோம். ஏன் மறுத்தாய் என்று கேட்டோம். கேட்கும்போதே விடை எமக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகின்றது. அரையிறுதிக்கு முதல்நாள் மாலை, அவர் வீட்டுத் திண்ணையில், அதே துவிச்சக்கரவண்டிக்கு அருகில் நின்று, "நாளைக்குத் தண்ட உதை வந்தால் பாஜியோ மாதிரி ஆகாயத்துக்கு அடிச்சுப்போடாதை" என்று நகையாடியவர் யாமே. அதை நகைச்சுவையென்று எண்ணி மறந்தோம். அவர் மறக்கவில்லை. கப்டன் பந்தை நீட்டியபோது எம் குரலே தம் காதிற் கேட்டதாம்.

"இருபத்தெட்டு வரியமாய் ஏனடா சொல்லேல்லை?" என்றோம்.

"அவனுக்கு எப்பவோ சொல்லிப்போட்டன். கனடாவிலை பாரவண்டி ஓடுறான், நாங்கள் கதைக்கிறனாங்கள். உனக்குத்தான் சொல்லேல்லை."

விடியும்போது பெற்றோல் வந்தது. எமக்குக் கிடைத்தது. வீடு வந்து படுத்தும் உறக்கம் வரவில்லை. பாஜியோவும் பெராடியும் ஜோர்ஜினியோவும் வரிசையாக வந்து போயினர். அவர்களின் தோல்விக்காக யாம் எத்தனை இரவுகள் விழித்தோம்! கடன் வாங்கிய பூட்ஸோடு, எவருங் கேளாமலே முன்வந்த ஒரு சிறுவனுக்காக ஒருநாளும் விழித்திலோம். விழித்திலோம் என்பது மட்டுமா? கூவினோம். ஜோர்ஜினியோ தாம் தவறவிட்ட உதைகள் வாழ்நாள் முழுதும் தம்மைத் தொடரும் என்று அன்றைய நாள்களிற் கூறியதைப் பத்திரிகையில் வாசித்து இரங்கினோம். இரக்கங் காட்டுதற்கு ஆள் தொலைவில் இருப்பது எத்துணை வசதியாக இருக்கின்றது.

அவருக்குக் கடிதம் எழுத எமக்கு ஐந்து மாதங்கள் ஆயின. எழுதுவதைத் தொழிலாக உடையவரல்லேம் என்பது ஒரு சாட்டு. முதலில் எழுதியதிலே இத்தாலியின் தோல்வியைப் பற்றி நான்கு பந்திகள் இருந்தன, அவற்றைக் கிழித்தோம். இறுதியில் எழுதியது ஐந்தே வரி. அன்று மைதானத்தில் நின்று கூவியவர்களுள் யாமும் ஒருவர் என்றும், நண்பர் மறுத்தமைக்கு எம் சொல்லே காரணம் என்றும், மன்னிக்கும்படியும் எழுதி, தொலைபேசி வழியே அனுப்பினோம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கூவியவர்களுள் எம் முகம் தமக்கு நினைவில்லை என்றும், அன்று யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார். மறுநாளிலிருந்து ஒருமாதம் காலை ஐந்து மணிக்கு வந்து அதே இடத்தில் பந்தை வைத்து அடித்துப் பழகினாராம். பழகியதை ஆடிக்காட்டப் பின்னர் ஆட்டம் எதுவும் வாய்க்கவில்லையாம். விழாவுக்கு வருவதாகவும், தம் மக்கள் இருவரையும் அழைத்து வருவதாகவும் எழுதியிருந்தார். கோலுக்குப் பின்னால் அந்த வேப்பமரம் இன்னும் நிற்கின்றதா என்று கேட்டிருந்தார். அடியில் மற்றொரு கேள்வியும் இருந்தது. அது நல்ல பந்து, கல்லூரியிடம் அக்காலத்தில் இருந்த ஒரே நல்ல பந்து. மதிலுக்கு அப்பால் போனதை யார் போய் எடுத்து வந்தார்கள், அல்லது அதுவும் தொலைந்துபோயிற்றா என்பதே அது. அன்று ஓடி ஒளிந்தமையால் அதனை அறியாமலே போய்விட்டாராம்.

வேம்பு நிற்கின்றது என்று எழுதினோம். பந்தை யாமே எடுத்து வந்தோம் என்றும் எழுதினோம்.